கயோட்டியை வரைந்தவர் வால்ட் டிஸ்னி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் சிறுவர் இணைப்பிதழில் கார்ட்டூன் நாயகர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. மிக்கி மவுஸ், டொனால்ட் டக், பக்ஸ் பன்னி, ரோட் ரன்னர் பறவை, அதைத் துரத்தும் ஓநாய் மாதிரியான கயோட்டி என்று எல்லோரையும் ஒரே படத்தில் வரிசையாக நிறுத்தி, மேலே வால்ட் டிஸ்னியின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். முதல் இருவர் சரி. மற்ற மூவரும் டிஸ்னி வீட்டுப் பிள்ளைகள் இல்லை. வார்னர் பிரதர்ஸ் வீட்டுப் பிள்ளைகள்.

நான் கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். திங்கட்கிழமை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தப் பக்கத்தைப் பார்த்து வரைந்த படத்தை என்னிடம் கொண்டுவந்தான். பாறை விளிம்பைத் தாண்டிப் போய் வெறும் காற்றில் நிற்கிற கயோட்டி. காது இரண்டும் தொங்கிப்போய், கண் நேராக நம்மைப் பார்க்கிறது. அந்தக் கண்ணை அவன் அவ்வளவு சரியாகப் பிடித்திருந்தான். படத்துக்குக் கீழே, தங்கள் பக்கத்தில் இருந்தபடியே, ‘வால்ட் டிஸ்னி’ என்று எழுதியிருந்தான். அந்தப் பார்வையைக் கண்டுபிடித்தவர், அந்தக் கார்ட்டூன் படங்களை இயக்கிய சக் ஜோன்ஸ். அவரைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும். பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

எனக்கு இவர் பெயர் தெரிந்ததே ஒரு வேலையால்தான். கல்லூரியில் ஓவியம் படித்து முடித்து, சென்னையில் மூன்று வருடம் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் இன்பிட்வீன் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். சீனியர் ஒருவர் கை தூக்குகிற ஒரு படமும் கை இறங்கிய ஒரு படமும் வரைந்து கொடுப்பார். நடுவில் வர வேண்டிய ஐந்தோ ஏழோ படங்களை நாங்கள் வரைய வேண்டும். லைட் பாக்ஸுக்கு அடியில் டியூப் லைட் எரியும், மேலே தாள் நகராமல் பிடிக்கும் பெக் பாரில் காகிதங்களை மாட்டி, விரல் இடுக்குகளில் நாலைந்து தாள்களைப் பிடித்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தபடியே வரைவோம். ஒரு கோடு தலைமுடி அளவு தள்ளிப்போனாலும் புரட்டும்போது உதறும். சாயங்காலம் கண்ணை மூடினால் இமைக்குள்ளும் அந்த வெளிச்சம் தெரியும்.

எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் ஒருநாள் ரோட் ரன்னர் கேசட் ஒன்றைப் போட்டு, பாஸ் பட்டனை அழுத்தி அழுத்தி ஓட்டிக் காட்டினார். கயோட்டி விழப்போகிற இடம். ஓடி வருகிறது, தரை முடிந்துவிட்டது, ஆனால் அதற்கு இன்னும் தெரியவில்லை. நிற்கிறது. காலால் கீழே தடவிப் பார்க்கிறது. அப்புறம் நம்மைப் பார்க்கிறது. முகத்தில் ஒரே ஒரு புருவம் மட்டும் லேசாக ஏறுகிறது, வேறு எதுவும் அசையவில்லை. அடுத்த படத்தில் உடம்பு கீழே போய்விட்டது. “இதை எத்தனை படத்தில் செஞ்சிருக்கான் பாரு, நீ இதுக்கு முப்பது வரைஞ்சிருப்பே” என்றார் அண்ணன். அவர் சொன்னது சரிதான். அசையாமல் நிறுத்துவதற்குத்தான் தைரியம் வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

பிறகு தேடிப் படித்தேன். சக் ஜோன்ஸ் 1912-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். அப்பா ஒரு தொழில் தொடங்குவார், அது நொடிக்கும், இன்னொன்று தொடங்குவார். ஒவ்வொரு முறையும் கம்பெனி பெயர் அச்சடித்த நல்ல காகிதமும் பென்சிலும் கட்டுக்கட்டாக வாங்கிவிடுவார். கம்பெனி மூடியதும் மிச்சக் காகிதமெல்லாம் பிள்ளைகளுக்கு. சீக்கிரம் தீர்த்துவிடுங்கள் என்பாராம். காகிதம் தீர்ந்துவிடுமே என்ற பயமில்லாமல் வரைந்து பழகிய குழந்தை அவர். என் மாணவர்களில் பலர் பரீட்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பொடிப் பொடியாக வரைகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வரும். அதனால் பக்கத்து அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய தாள்களைக் கேட்டு வாங்கி வகுப்பில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

ஷூனார்ட் கலைப் பள்ளியில் படித்தார். அங்கே ஓர் ஆசிரியர், உங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு லட்சம் மோசமான படங்கள் இருக்கின்றன, அவற்றை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றுகிறீர்களோ அவ்வளவு நல்லது என்று சொன்னதாக ஜோன்ஸ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். படிப்பு முடிந்து வெளியே வந்தபோது பெரும் பொருளாதார மந்தம். கிடைத்த வேலை செல்லுலாய்ட் தாள் கழுவுவது. அனிமேஷன் படம் வரைந்து, படமெடுத்து முடித்த தாள்களில் இருக்கும் மையையும் வண்ணத்தையும் கழுவித் துடைத்தால் அடுத்த படத்துக்கு அதையே பயன்படுத்தலாம். அந்த ஸ்டுடியோ அப் ஐவர்க்ஸ் என்பவருடையது. மிக்கி மவுஸுக்குத் தன் கையால் உருவம் கொடுத்தவர் அவர். அந்த எலிக்கும் உலகம் முழுக்க டிஸ்னி பெயர்தான். ஆக, தங்கள் பக்கத்தில் வந்தது இன்று நேற்று நடக்கிற தவறு இல்லை.

1933-இல் லியோன் ஷ்லெசிங்கரின் ஸ்டுடியோவில் சேர்ந்தார். வார்னர் பிரதர்ஸுக்குக் கார்ட்டூன் செய்து கொடுத்த இடம் அது. டெக்ஸ் ஏவரி என்ற இயக்குநரின் குழுவில் ஜோன்ஸும் பாப் கிளாம்பெட்டும் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த மரக் கட்டடத்தில் கரையான் அவ்வளவு இருந்ததால் அதற்குக் கரையான் மாடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1938-இல் ஜோன்ஸ் இயக்குநரானார். ஆரம்பப் படங்கள் டிஸ்னியைப் பார்த்துச் செய்த மாதிரி அழகாக, மெதுவாக இருக்கும். எனக்கு அவை அவ்வளவாகப் பிடிக்காது. 1942-இல் வந்த ‘தி டோவர் பாய்ஸ்’ படத்தில்தான் அவர் தன் வழியில் திரும்பினார். ஒரு நிலையில் இருந்து அடுத்த நிலைக்குப் பாத்திரங்கள் இழுபட்டுத் தாவும். நடுவில் வருவது ஒரு தீற்றல் மட்டும்தான். இன்பிட்வீன் வேலை பார்த்தவனுக்கு அந்தத் தீற்றலைப் பார்த்தால் கை பரபரக்கும்.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இயக்குநர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து “ஆக்‌ஷன்” சொல்பவர் என்று என் மாணவர்கள் நினைக்கிறார்கள். ஒரு படம் சுமார் 6 நிமிடம். வினாடிக்கு 24 கட்டம் (ஃபிரேம்) என்றால் 8,640 கட்டங்கள். எடுத்துவிட்டு வெட்டிக்கொள்ளலாம் என்பதற்கு இடமே கிடையாது, வரைந்த ஒவ்வொரு படமும் காசு. அதனால் வரைவதற்கு முன்பே, எந்தக் கட்டத்தில் கண் திறக்கும், எந்தக் கட்டத்தில் மூடும் என்பதை எக்ஸ்போஷர் ஷீட்டில் எழுதிவிட வேண்டும். முக்கியமான நிலைகளை எல்லாம் ஜோன்ஸே வரைந்து கொடுத்துவிடுவார். அதற்கு மேல்தான் கென் ஹாரிஸ், பென் வாஷம், ஏப் லெவிட்டோ போன்ற அனிமேட்டர்கள் வேலையைத் தொடங்குவார்கள்.

கயோட்டி பள்ளத்தில் விழும்போது ஒரு புள்ளியாகச் சுருங்கி மறையும். ஒரு கணம் எதுவும் இருக்காது. பிறகு கீழே சின்னதாக ஒரு தூசிப் புகை எழும். அந்த இடைவெளி 14 கட்டம். 13 வைத்தாலும் 15 வைத்தாலும் சிரிப்பு வரவில்லை, 14-இல்தான் வந்தது என்று ஜோன்ஸ் எழுதியிருக்கிறார். அரை வினாடியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இப்படிக் கணக்குப் பார்த்து உழைத்த ஒருவர் பெயருக்குப் பதிலாக வேறொருவர் பெயர் அச்சில் வந்தால் மனம் வலிக்கத்தான் செய்கிறது.

ரோட் ரன்னரும் கயோட்டியும் 1949-இல் முதல்முறை வந்தன. கதை மைக்கேல் மால்டீஸ். மார்க் ட்வைன் ஒரு பயண நூலில் கயோட்டியைப் பற்றி எழுதியதைச் சிறுவயதில் படித்தது ஜோன்ஸ் மனதிலேயே இருந்தது. எலும்பும் தோலுமாக, எப்போதும் பசியோடு அலையும் பிராணி. அப்புறம் அந்த ‘பீப் பீப்’! நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும்போது இன்றும் கத்துகிற அந்தச் சத்தம் பால் ஜூலியன் என்ற பின்னணி ஓவியருடையது. பெரிய ஓவியப் பலகையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நடைவழியில் வரும்போது, எதிரே வருபவர் மோதிவிடாமல் இருக்க ‘பீப் பீப்’ என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வருவாராம். அதைக் கேட்டுவிட்டுப் பறவைக்கு அவரையே குரல் கொடுக்க வைத்தார்கள். திரையில் குரலுக்கென்று அவர் பெயர் வரவில்லை.

பக்ஸ் பன்னி விஷயத்தில் நானும் கவனமாக எழுத வேண்டும். அந்த முயலை ஜோன்ஸ் தனியாகப் படைக்கவில்லை. 1940-இல் டெக்ஸ் ஏவரி இயக்கிய படத்தில்தான் அது இன்று நாம் அறிந்த முயலாக வந்தது. பிறகு கிளாம்பெட், ஃபிரிஸ் ஃப்ரெலெங், ராபர்ட் மெக்கிம்சன், ஜோன்ஸ் என்று பலர் கை பட்டு வளர்ந்தது. ஜோன்ஸ் கையில் அது தானாக வம்புக்குப் போகாது. யாராவது அதன் நிம்மதியைக் கெடுத்தால்தான் கிளம்பும். மெல் பிளாங்க் குரல், கார்ல் ஸ்டாலிங் இசை, ட்ரெக் பிரவுன் ஒலி, மாரிஸ் நோபிளின் காட்சி வடிவமைப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்தப் படங்கள். நோபிள் முதலில் டிஸ்னியில் இருந்தவர், அங்கே நடந்த 1941 வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்தவர். அந்த வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக நின்ற வார்னர் கலைஞர்களில் ஜோன்ஸும் ஒருவர்.

தயாரிப்பாளர் எட்டி செல்சர் ஒருநாள் அறைக்குள் வந்து, காளைச் சண்டையில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, அப்படிப் படம் எதுவும் வேண்டாம் என்றாராம். ஜோன்ஸும் மால்டீஸும் அதுவரை காளைச் சண்டையை நினைத்தே பார்க்கவில்லை. செல்சர் வேண்டாம் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்து, 1953-இல் அந்தப் படத்தை எடுத்தே விட்டார்கள். அந்தக் காளை கொம்பைத் தீட்டும் இடம் என் வகுப்பில் எத்தனை முறை போட்டாலும் அலுக்காது. பெப்பே லெ ப்யூ என்ற ஸ்கங்க்கை (நாற்றம் பீய்ச்சும் அமெரிக்க விலங்கு) வைத்து எடுத்த படம் ஆஸ்கர் வாங்கியபோது, அந்தப் பாத்திரமே பிடிக்காத செல்சர்தான் மேடையேறிப் பரிசை வாங்கிக்கொண்டார். பெப்பே படங்களை நான் மாணவர்களுக்குக் காட்டுவதில்லை. வேண்டாம் என்று ஓடுகிற பெண் பூனையை விடாமல் துரத்துவதைச் சிரிப்பாக வைத்தது எனக்கு ஒப்பவில்லை. ஜோன்ஸ்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதே 1953-இல் வந்த ‘டக் அமக்’ படத்தை மட்டும் தங்கள் வாசகர்கள் எப்படியாவது பார்க்க வேண்டும். டாஃபி வாத்து கையில் வாளோடு வீரனாகப் பாய்ந்து வருகிறது. நாலடி போவதற்குள் பின்னணி ஓவியம் முடிந்து வெள்ளைத் தாள் வந்துவிடுகிறது. வரைகிறவரைப் பார்த்து, காட்சி எங்கே என்று கேட்கிறது. பண்ணை வருகிறது. இது ஓடிப்போய் உடை மாற்றி வந்தால் அதற்குள் பனிமலை. பனிக்குத் தயாராகி வந்தால் ஹவாய்த் தீவு. பிறகு ரப்பர் வந்து வாத்தையே அழித்துவிடுகிறது. வெறும் வெள்ளைத் திரை. குரல் மட்டும் கேட்கிறது. அப்போதும் அது டாஃபிதான் என்று நமக்குத் தெரிகிறது! உருவம், நிறம், இடம், ஏன், ஒரு கட்டத்தில் குரல்கூடப் பறிபோகிறது. ஆனாலும் அதன் கோபம் போகவில்லை, ரோஷம் போகவில்லை. ஒரு பாத்திரம் என்பது எதில் இருக்கிறது என்று நான் வகுப்பில் பாடமாக நடத்த முயன்று தோற்ற விஷயத்தை ஜோன்ஸ் 7 நிமிடத்துக்குள் காட்டிவிட்டார். கடைசியில் பென்சில் யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லமாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

1957-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களைச் சுருக்கி பக்ஸ் பன்னியை வைத்து ‘வாட்ஸ் ஓபரா, டாக்?’ எடுத்தார்கள். ஒரு படத்துக்கு 5 வாரம் என்பது ஸ்டுடியோ கணக்கு. இதற்கு அது போதவில்லை. எளிதாக முடிந்துவிடும் ரோட் ரன்னர் படத்தின் கணக்கில் கூடுதல் நாட்களை எழுதிச் சமாளித்தார்கள். பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் அமெரிக்க அரசு 1992-இல் இதைச் சேர்த்தது.

டிஸ்னிக்கும் அவருக்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. 1953-இல் முப்பரிமாணப் பட மோகத்தில் வார்னர் தன் கார்ட்டூன் பிரிவைக் கொஞ்ச நாள் மூடியபோது, ஜோன்ஸ் டிஸ்னியில் வேலை பார்த்தார். மொத்தம் 4 மாதம். பிறகு, இங்கே எனக்குப் பிடித்த வேலை ஒன்றே ஒன்றுதான், அது உங்களுடையது என்று வால்ட் டிஸ்னியிடமே சொல்லிவிட்டு வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அந்த 4 மாதத்துக்கு எதிரே வார்னரில் சுமார் 30 வருடம். அந்த 30 வருடமும் முடிந்த விதம் வருத்தமானது. வேறொரு நிறுவனத்தின் முழுநீளப் படத்துக்கு மனைவி டோரதியோடு சேர்ந்து கதை எழுதினார் என்று 1962-இல் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக 34 டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் எடுத்தார். இதுவும் நம் வீடுகளில் எல்லோரும் பார்த்ததுதான். தொடக்கத்தில் கர்ஜிக்கும் சிங்கத்தின் இடத்தில் டாம் பூனை வந்து மியாவ் என்று கத்தினால், அது ஜோன்ஸ் படம் என்று தெரிந்துகொள்ளலாம். டாமின் புருவம் தடிப்பாக இருக்கும், ஜெர்ரியின் கண் பெரிதாக இருக்கும். என்னைக் கேட்டால் அந்த இருவரையும் முதலில் படைத்த ஹன்னா, பார்பெராவின் படங்களே மேல். ஆனால் 1965-இல் அதே நிறுவனத்துக்கு ஜோன்ஸ் எடுத்த ‘தி டாட் அண்ட் தி லைன்’ வேறு ரகம். ஒரு நேர்கோடு ஒரு புள்ளியைக் காதலிக்கிறது. அவ்வளவுதான் கதை. கோடு தன்னை வளைக்கக் கற்றுக்கொள்கிற இடத்தை நான் ஒவ்வொரு வருடமும் ஜூன் மாத முதல் வகுப்பில் காட்டுகிறேன். அதற்கும் ஆஸ்கர் கிடைத்தது.

நம் நாட்டைக் களமாகக் கொண்ட படமும் அவர் எடுத்திருக்கிறார். கிப்ளிங் எழுதிய கீரிக் கதையை 1975-இல் தொலைக்காட்சிக்காக எடுத்தார். கதை சொல்லும் குரல் ஆர்சன் வெல்ஸ். என் வகுப்பில் போட்டபோது பிள்ளைகள் கீரியைப் பற்றி ஆளுக்கொரு திருத்தம் சொன்னார்கள். அவர்கள் வீட்டுப் பின்பக்கத்தில் கீரியைப் பார்க்கிறவர்கள். கீரியும் நாகமும் ஒன்றையொன்று உற்றுப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிற இடம் வந்ததும் வகுப்பே அடங்கிவிட்டது. கயோட்டியை நிறுத்திய அதே கை.

1996-இல் வாழ்நாள் பணிக்கான ஆஸ்கர் கொடுத்தார்கள். 2002 பிப்ரவரி 22 அன்று, 89 வயதில் கலிஃபோர்னியாவில் காலமானார்.

இனி என் வேண்டுகோள். சென்னையில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் ஓர் அமெரிக்கத் தொடருக்கு மூன்று மாதம் இரவும் பகலும் வரைந்தோம். அத்தொடர் டிவியில் வந்த அன்று வீட்டில் அம்மா, அக்கா எல்லோரையும் உட்காரவைத்துக் கடைசி எழுத்துகள் ஓடும்வரை பார்த்தேன். எங்களில் ஒருவர் பெயரும் இல்லை. அம்மா, “வேகமா போயிடுச்சுப்பா, நான்தான் சரியா படிக்கல” என்றார். அந்தக் காலத்து வார்னர் படங்களிலும் செல்லுலாய்டில் மை போட்டு, வண்ணம் தீட்டிய பெண்களின் பெயர்கள் திரையில் வந்ததில்லை. 1940-களின் தொடக்கத்தில் அனிமேட்டர்களிலும் ஒரு படத்துக்கு ஒருவர் பெயர்தான், அதுவும் முறை வைத்து. இயக்குநர் பெயராவது இருக்கிறது. இருக்கிற பெயரையும் நாம் விட்டுவிடக் கூடாது.

எனவே அடுத்த சிறுவர் இணைப்பிதழில், அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். கூடவே, அந்த இணைப்பிதழில் வாராவாரம் வரும் படங்களுக்குக் கீழே அவற்றை வரைந்த ஓவியரின் பெயரையும் போட வேண்டும். இப்போது அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அந்தப் பையனிடம் விஷயத்தைச் சொன்னதும், “அப்ப யாரு சார் வரைஞ்சது?” என்று கேட்டான். கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். டிஸ்னி பெயரை ரப்பரால் அழித்துவிட்டு, ‘இயக்கம்: சக் ஜோன்ஸ், கதை: மைக்கேல் மால்டீஸ், குரல்: பால் ஜூலியன்’ என்று எழுதினான். இடம் போதாமல் கடைசிப் பெயர் பாறை மேல் ஏறிவிட்டது. அதற்கும் கீழே மூலையில் தன் பெயரையும் போட்டிருக்கிறான். அவன் வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனை டீக்கடையில்தான் தங்கள் இணைப்பிதழைப் படிக்கிறான். திருத்தம் அதிலேயே வந்தால் அவன் கண்ணில் படும்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓர் ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.